ரெண்டு கனெக்‌ஷன், ஒரே கம்பம்

மழைக்காலம் தொடங்கினா போதும், வீட்டு நெட்டைப் பத்தி எல்லாரும் சொல்ற யோசனை ஒண்ணே ஒண்ணுதான். "இன்னொரு கம்பெனியில ஒரு கனெக்‌ஷன் எடுத்துப் போட்டுருங்க. இது போனா அது, அது போனா இது." கேக்க நல்லாத்தான் இருக்கு. வீட்லேர்ந்து வேலை பாக்கறவங்க பல பேர் இதை நம்பி மாசாமாசம் ரெண்டு பில் கட்டறாங்க. அப்புறம் ஒரு நாள் ரெண்டும் ஒரே நிமிஷத்துல போயிடும். நேரம் சரியில்லன்னு அலுத்துக்கறதுக்கு முன்னாடி, தெரு முனைக் கம்பத்துக்குக் கீழ ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு மேல பாருங்க. கறுப்பா, பென்சிலை விட மெல்லிசா நாலஞ்சு ஒயர் வரும். ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி. எல்லாத்தையும் சேத்துக் கட்டி (பல இடத்துல பழைய கேபிள் டிவி ஒயரையே கயிறாக்கி) ஒரே கொக்கியில தொங்க விட்டிருப்பாங்க. மிச்ச ஒயரை வளையமாச் சுத்தி அதே கம்பத்துல மாட்டியிருப்பாங்க. வைக்கோல் ஏத்தின லாரி ஒண்ணு அந்த முனையில திரும்பினா, எந்தக் கம்பெனி ஒயர்னு பாத்தா இழுக்கப்போகுது? மொத்தக் கட்டும் கீழ வரும். நீங்க ரெண்டு பில் கட்டறீங்க. அந்த லாரிக்கு அது ஒரே கட்டு.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். வீட்ல எத்தனை கனெக்‌ஷன் இருக்குன்னு எண்ணிப் பிரயோஜனம் இல்ல. அதெல்லாம் எந்தெந்த எடத்துல ஒண்ணு சேருதுன்னு எண்ணணும். உங்க வீட்டு ப்ளக் பாயின்ட், மோடம், சுவத்து ஓட்டை வழியா வெளிய போற ஒயர், கம்பம், ஏரியா ஆபீஸ்ல இருக்கற பெட்டி, கம்பெனியோட பெரிய மெஷினுங்க, சில நேரம் அதுக்கப்புறம் கடலுக்கடியில போற கேபிளும். இவ்வளவும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா நல்லா இருந்தாத்தான் உங்க ஸ்கிரீன்ல ஒரு பக்கம் திறக்கும். ரெண்டாவது வழின்னு நீங்க நம்பற ஒண்ணு, இதுல எத்தனை எடத்தை முதல் வழியோட பங்கு போட்டுக்குதுன்னு பாருங்க. நாலுல மூணு எடம் பொதுன்னா, உங்க கையில இருக்கறது ஒண்ணேகால் கனெக்‌ஷன். காசு மட்டும் ரெண்டுக்கு. இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரா இருக்கணும்னு அவசியமே இல்ல. பொறுமையாப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

முதல்ல கரண்ட். ஏன்னா ரொம்பப் பேர் இதை நெட் பிரச்னையாவே எடுத்துக்கறதில்ல. பழைய லேண்ட்லைன் ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும், ஊரே இருட்டுல கிடந்தாலும் ஃபோன் ரிசீவரை எடுத்தா 'டொய்ங்'னு சத்தம் வரும். மந்திரமெல்லாம் இல்ல. எக்ஸ்சேஞ்ச்ல வரிசையா பேட்டரி வச்சு, அங்கேர்ந்து சுமார் 48 வோல்ட்டை அந்தச் செம்புக் கம்பியிலயே நம்ம வீட்டுக்கு அனுப்பினாங்க. ஃபோனுக்கு வேண்டிய கரண்ட் ஃபோன் ஒயர்லயே வந்துச்சு. இப்ப வீட்டுக்கு வர்றது ஃபைபர். அது கண்ணாடி இழை. ஒளி போகும், கரண்ட் போகாது. செம்பை எடுத்துட்டுக் கண்ணாடியைப் போட்டப்ப வேகம் நூறு மடங்கு கூடுச்சு. கூடவே, கரண்ட் குடுக்கற பொறுப்பு சத்தமில்லாம எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து நம்ம தலையில வந்து இறங்கிடுச்சு. இதை நம்மகிட்ட யாரும் தனியா உக்காந்து சொல்லவே இல்ல. அமெரிக்காவுல 2015-ல அவங்களோட தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டாங்க. ஃபைபர் மாதிரி வழியில வீட்டு ஃபோன் குடுக்கற கம்பெனி, கரண்ட் போனாலும் எட்டு மணி நேரம் தாங்கற பேட்டரியை வாங்கிக்கறீங்களான்னு வாடிக்கையாளர்கிட்ட கேட்டே ஆகணும், மூணு வருஷத்துக்குள்ள அதை 24 மணி நேரமா ஏத்தணும்னு. காசு வாடிக்கையாளரோடதுதான். ஆனா கேக்க வேண்டியது கம்பெனி. செம்பு போனதால எது நம்ம கையை விட்டுப் போச்சுங்கறதை ஒரு அரசாங்கம் காகிதத்துல ஒத்துக்கிட்டதா நான் இதைப் பாக்கறேன்.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. இப்ப நம்மூர்ல வர்ற வீட்டு ஃபைபர் பெரும்பாலும் நடுவழியில கரண்டே தேவைப்படாத அமைப்பு. ஏரியா ஆபீஸ்ல ஒரு பெட்டியிலேர்ந்து ஒளி கிளம்புது. கம்பத்துல இருக்கற ஸ்ப்ளிட்டருக்குள்ள ஒரு இழை 8 ஆவோ 32 ஆவோ 64 ஆவோ பிரியுது. அந்த ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி வேலை, அதுக்கு ப்ளக்கும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. (முன்னாடி அபார்ட்மென்ட் மொட்டைமாடியில ஒரு தகர டப்பாவுக்குள்ள ஸ்விட்ச் வச்சு, லேன் ஒயர் இழுத்து நெட் குடுத்தாங்களே, அதுல அந்த மாடிக்குக் கரண்ட் போனா எல்லா வீட்டுக்கும் நெட் போயிடும்.) இப்ப கரண்ட் தேவைப்படறது ரெண்டே முனையில. ஒண்ணு அவங்க ஆபீஸ், இன்னொண்ணு உங்க வீடு. அவங்க பக்கம் பேட்டரியோ ஜெனரேட்டரோ இருந்துடுச்சுன்னா, உங்க தெருவே இருட்டா இருக்கறப்பவும் உங்க சுவர்ல வர்ற அந்த இழையில ஒளி வந்துக்கிட்டேதான் இருக்கும். அதை வாங்கற மோடம் செத்துக் கிடக்குது, அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தறப்ப 'நெட் இல்ல'ன்னு நாம சொல்றது பல நேரம் உண்மை கிடையாது. நெட் வாசல் வரைக்கும் வந்து நிக்குது.

அப்ப மோடத்துக்கு என்ன வேணும்? பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் பாருங்க. பெரும்பாலும் 12 வோல்ட், ஒரு ஆம்பியர்னு இருக்கும். அதிகபட்சமே 12 வாட்தான். சாதாரணமா ஓடறப்ப எட்டு வாட் பக்கம் இழுக்கும்னு வச்சுக்குவோம். ஒரு பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு ஃபேன் சுத்தற கரண்ட்ல ஒன்பது மோடம் ஓடும். தமிழ்நாட்டுல மணிக்கணக்குல கரண்ட் கட் ஆன வருஷங்கள்ல வாங்கின இன்வெர்ட்டர் இன்னமும் எத்தனையோ வீட்டு மூலையில இருக்கு. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரின்னா கணக்குப்படி 1,800 வாட்-அவர். எட்டு வாட் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆனா மோடம் எங்க இருக்கு? ஹால்ல, டிவிக்குப் பின்னாடி. அந்த ப்ளக் இன்வெர்ட்டர் லைன்லயே வராது. ஃபேனும் லைட்டும்தான் இன்வெர்ட்டர்ல வர்ற மாதிரி ஒயரிங் பண்ணியிருப்பாங்க. இருபதாயிரம் ரூபா இன்வெர்ட்டரும் நல்லாத்தான் இருக்கு, தெருவுல ஃபைபரும் நல்லாத்தான் இருக்கு, நடுவுல ஒரு ப்ளக் பாயின்ட் தப்பான எடத்துல இருக்கறதால மூணு மணி நேரம் நெட் இல்ல. எலக்ட்ரீஷியன் வந்து அந்த ஒரு பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்தறது அரை நாள் வேலைகூடக் கிடையாது.

இன்வெர்ட்டர் இல்லாதவங்களுக்கு மோடத்துக்குன்னே சின்ன யூ.பி.எஸ். விக்குது, ஆயிரம் ரெண்டாயிரம் ரூபா வாக்குல. அதை வாங்கறப்ப அட்டையில பெருசாப் போட்டிருக்கற எம்.ஏ.ஹெச். எண்ணைப் பாத்து ஏமாறாதீங்க. உள்ள மூணு லித்தியம் செல், ஒவ்வொண்ணும் 2,000 எம்.ஏ.ஹெச்., 3.7 வோல்ட்டுன்னா மொத்தம் 22 வாட்-அவர். எட்டு வாட் மோடத்துக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் வரும். அதுக்கு மேல வரும்னு யாராவது சொன்னா கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. வோல்ட் சரியாப் பொருந்தணும். 12 வோல்ட் மோடத்துல 9 வோல்ட்டைச் சொருகினா சரியா ஓடாது, 9 வோல்ட் மோடத்துல 12-ஐச் சொருகினா புகைஞ்சாலும் புகையும். இன்னொண்ணு, ரெண்டு கனெக்‌ஷன் வச்சிருக்கற வீட்ல ரெண்டு மோடமும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருக்கும். அந்த பாக்ஸ்தான் அவங்களோட முதல் கம்பம்.

கரண்ட் இருந்தும் நெட் இல்லன்னா, மோடத்துல இருக்கற லைட்டுங்க பேசும். எல்.ஓ.எஸ்.னு ஒரு லைட் சிவப்பா மின்னுதுன்னா இழையில ஒளியே வரல. அப்ப மோடத்தை அணைச்சு அணைச்சுப் போட்டு ஒரு பலனும் இல்ல. பின்னாடி சொருகியிருக்கற மெல்லிசு ஒயர் மடங்கியிருக்கா, சோஃபா நகர்த்தினப்ப நசுங்கியிருக்கான்னு பாருங்க. கண்ணாடி இழை மடங்கினா ஒளி அந்த வளைவுலயே வெளிய கசிஞ்சிடும். அந்த பச்சை முனையைக் கழட்டி ஊதறது, சட்டைத் துணியில தொடைக்கறது வேண்டாம். ஒளி போற பகுதி ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூடக் கிடையாது, ஒரு தூசி போதும் மறைக்க. அந்த முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாக்கவும் கூடாது, அதுல வர்றது கண்ணுக்குத் தெரியாத ஒளி. எல்.ஓ.எஸ். அணைஞ்சு, பான்னு (PON) இருக்கற லைட் நிதானமாப் பச்சையா இருந்தும் நெட் வரலன்னா ஒயர் நல்லா இருக்கு, கோளாறு கம்பெனி பக்கமோ, பில் கட்டாததோ, உங்க மோடத்தோட செட்டிங்கோ. இந்த நேரத்துலதான் நிறைய பேர் குண்டூசி எடுத்து ரீசெட் ஓட்டையில அழுத்திடறாங்க. ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற. ரீசெட் பண்ணினா கம்பெனிக்காரர் போட்டு வச்ச யூசர் பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடலாம். ஒரு மணி நேரத்துல தானா வந்திருக்க வேண்டிய நெட்டு, ஆள் வந்து மறுபடி போட்டுக் குடுக்கற வரைக்கும் வராது.

சிவப்பு லைட் எரியறப்ப செய்ய வேண்டிய அடுத்த வேலை, பக்கத்து வீட்ல கேக்கறது. ரெண்டு பேர்கிட்ட கேக்கணும். அதே கம்பெனி வச்சிருக்கறவங்க ஒருத்தர், வேற கம்பெனி வச்சிருக்கறவங்க ஒருத்தர். அதே கம்பெனிக்காரருக்கு வேலை செய்யுதுன்னா அறுந்தது உங்க வீட்டுக்கு வர்ற தனி ஒயர். அவருக்கும் போச்சுன்னா ஸ்ப்ளிட்டரோ அதுக்கு மேல வர்ற ஒயரோ. வேற கம்பெனிக்காரருக்கும் அதே நேரத்துல போச்சுன்னா, உங்க தெருவுல ரெண்டு கம்பெனியும் ஒரே பாதையில வருதுன்னு அர்த்தம். இந்த மூணாவது பதில்தான் தங்கம். எந்தக் கம்பெனி விளம்பரமும், எந்தக் கஸ்டமர் கேரும் இதைச் சொல்லாது. அவங்களுக்கே தெரியாம இருக்கலாம், ஏன்னா பல ஊர்ல கடைசி ஒரு கிலோமீட்டரை இழுக்கறது உள்ளூர் கேபிள்காரர். அபார்ட்மென்ட்டா இருந்தா இன்னும் மோசம். வெளிய எத்தனை திசையிலேர்ந்து வந்தாலும் கட்டடத்துக்குள்ள ஏர்றது ஒரே ஷாஃப்ட். அதுக்குள்ள ஒரு எலி போதும். லைன்மேன் வர்றப்ப "அண்ணா, நம்ம லைன் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கிழக்கால தெருவுலேர்ந்து வருதா, மெயின் ரோட்லேர்ந்து வருதான்னு அவருக்கு அத்துப்படி. ரெண்டாவது கனெக்‌ஷன் எடுக்கத்தான் போறீங்கன்னா, எந்தக் கம்பெனி விலை குறைவுன்னு பாக்கறதுக்கு முன்னாடி எது எதிர்ப்பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாருங்க. 2023-லேர்ந்து ஏர்ஃபைபர்னு ஒண்ணு வந்திருக்கு, மொட்டைமாடியில ஆன்டெனா வச்சு 5ஜி டவர்லேர்ந்து நேரா எடுக்கறது. வேகத்துல ஃபைபருக்கு ஈடாகாது. ஆனா அது கம்பத்துல தொங்கல. ரெண்டாவது வழிக்கு வேகத்தை விட முக்கியமான தகுதி அதுதான்.

சரி, கம்பம் வேற, கரண்டும் பாத்தாச்சு. அதுக்கு மேல ஒரு முடிச்சு இருக்கு, அது கண்ணுக்கே தெரியாது. 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவுல ரோஜர்ஸ் கம்பெனியோட சேவை மொத்தமா நின்னுச்சு. புயல் இல்ல, ஒயர் அறுபடல. மைய நெட்வொர்க்ல ஒரு பராமரிப்பு வேலை பண்ணறப்ப ஒரு வடிகட்டியை எடுத்துட்டாங்க, வழித்தடத் தகவல் வெள்ளமாப் பாஞ்சு பெரிய ரௌட்டருங்க எல்லாம் திணறி விழுந்துடுச்சு. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல வாடிக்கையாளருங்க, ஒரு நாளுக்கு மேல தவிச்சாங்க. கவனிக்க வேண்டியது என்னன்னா, வீட்டு நெட்டும் போச்சு, மொபைலும் போச்சு. ரெண்டுக்கும் மையம் ஒண்ணு. வீட்டு நெட் போனா ஃபோன் ஹாட்ஸ்பாட்னு நினைச்சிருந்தவங்ககிட்ட ஃபோனும் ஊமையாயிடுச்சு. சரி பண்ண வேண்டிய ரோஜர்ஸ் ஊழியருங்களே ஒருத்தரையொருத்தர் கூப்பிட முடியல, ஏன்னா அவங்க கையில இருந்ததும் ரோஜர்ஸ் சிம். போட்டிக் கம்பெனி சிம்மைக் குடுத்துத்தான் வேலையை நடத்தினாங்க. நாடு முழுக்க டெபிட் கார்டு பரிவர்த்தனை நடத்தற இன்டராக் அன்னிக்கு முடங்கிப் போய், அதுக்கப்புறம்தான் இன்னொரு நெட்வொர்க்கையும் சேத்துக்கறோம்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் நவம்பர் 8-ல ஆஸ்திரேலியாவுல ஆப்டஸ், கிட்டத்தட்ட இதே கதை, சுமார் ஒரு கோடிப் பேர். இவ்வளவு பெரிய நிறுவனங்களே ரெண்டாவது வழி இருக்குன்னு நம்பி, ரெண்டும் ஒரே மையத்துல சேர்றதைக் கவனிக்காம விட்டிருக்காங்கன்னா, நம்ம வீட்ல அதைக் கவனிக்காம இருக்கறது ஆச்சரியமே இல்ல.

இதை அப்படியே நம்ம வீட்டுக்குப் பொருத்திப் பாருங்க. வீட்டு நெட் ஒரு கம்பெனி. அதே கம்பெனி "குடும்பத்துக்கே ஒரு பேக்"னு தள்ளுபடி குடுத்ததால அப்பா, அம்மா, பசங்க எல்லார் சிம்மும் அதே கம்பெனி. மாசம் நூறு இருநூறு மிச்சம். ஆனா அந்த வீட்ல அஞ்சு கனெக்‌ஷன் இருந்தும் இருக்கறது ஒரே வழி. அதுல ஒரே ஒரு சிம்மை வேற கம்பெனிக்கு மாத்தினா போதும், நிலைமை தலைகீழா மாறிடும். ரெண்டாவது வீட்டு கனெக்‌ஷனுக்குக் காசுக்கு எங்க போறதுன்னு கேக்கறவங்களுக்கு என் பதிலும் இதுதான். நான் காசு செலவு பண்ணச் சொல்லவே இல்ல. நல்லா யோசிச்சுப் பிரிச்சு வச்ச ஒரு சிம், யோசிக்காம வாங்கின ரெண்டாவது ஃபைபரை விட மேல். அந்த சிம் உங்க வீட்டுக்குள்ள, நீங்க உக்காந்து வேலை பாக்கற அறையில சிக்னல் எடுக்குதாங்கறதை மட்டும் நெட் நல்லா இருக்கற ஒரு நாள்ல சோதிச்சுப் பாத்துக்கோங்க.

ஹாட்ஸ்பாட்ல ஓட்டறப்ப டேட்டா எவ்வளவு நேரம் வரும்னு கணக்குப் போட்டு வச்சுக்கறதும் நல்லது. வீடியோ கால் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்துல போச்சுன்னா மணிக்கு 450 எம்.பி.; நீங்க அனுப்பறதும் வாங்கறதும் சேர்ந்தா 900. தினம் 2 ஜி.பி. பேக் ரெண்டு மணி நேரச் சொச்சத்துல காலி. வீடியோவை அணைச்சுட்டுக் குரல் மட்டும்னா மணிக்கு ஒரு 50 எம்.பி.க்குள்ள முடியும். இது தெரியாததால காலையில பத்து மணி மீட்டிங்லயே அன்னிக்கு டேட்டாவை முடிச்சுட்டு, சாயங்காலம் ஃபைல் அனுப்ப முடியாமத் தவிக்கறாங்க. லேப்டாப்ல அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு'ன்னு குறிச்சு வச்சுடணும். இல்லேன்னா அது வைஃபைதானேன்னு நினைச்சுப் பின்னாடி அப்டேட்டை இறக்க ஆரம்பிச்சிடும்.

நெட் போகாமலேயே போன மாதிரி இருக்கற நாளும் உண்டு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ராத்திரி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் ஆறு மணி நேரம் பக்கம் உலகம் முழுக்க நின்னப்ப, வீட்டு மோடத்தை அணைச்சுப் போட்டவங்க எத்தனையோ பேர். வேற ரெண்டு மூணு தளத்தைத் திறந்து பாத்தா முடிஞ்சது சந்தேகம். இதுக்கு மேல இதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல.

"ஒரு நாள் நெட் இல்லேன்னா என்ன குடி முழுகிடும்? புஸ்தகம் படி, நாலு பேரோட பேசு." இதை நல்ல மனசோட சொல்றவங்க இருக்காங்க, அவங்க சொல்றதுல உண்மையும் இருக்கு. ஆனா அது தானா விரும்பி அணைச்சு வைக்கறவங்களுக்கான உண்மை. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கு, லாகின் ஆகாத ஒவ்வொரு மணி நேரமும் சம்பளத்துல கழியற ஒருத்தருக்கு, வெளியூர்ல இருக்கற மகனோட வீடியோ காலுக்காகக் காத்திருக்கற வயசானவங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. வேலை, படிப்பு, பேங்க், டாக்டர், அரசாங்கச் சான்றிதழ் எல்லாத்தையும் நெட்டுக்குள்ள தள்ளினது நாம எல்லாருமா சேர்ந்து. தள்ளி முடிச்சுட்டு, அது போற அன்னிக்கு மட்டும் "இதெல்லாம் இல்லாமயே வாழ்ந்தோமே"ன்னா, அந்தப் பழைய கவுன்ட்டருங்க இப்ப திறந்து இருக்கணுமே?

என் வாதத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையைக் கடந்தப்ப ஆயிரக்கணக்குல மரங்க சாஞ்சு, கரண்டும் ஒயரும் சேந்து போச்சு. 2023 டிசம்பர் 4-ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துல கரண்ட் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டு, பல பகுதியில செல்ஃபோன் சிக்னலே இல்லாம ஜனங்க தவிச்சாங்க. டவருக்குப் பேட்டரி சில மணி நேரம்தான், அப்புறம் டீசல். தண்ணி நிக்கற தெருவுக்கு டீசல் எப்படி வரும்? அப்படி ஒரு நாள்ல கம்பம் வேற, கம்பெனி வேறன்னு நீங்க பிரிச்சு வச்ச அத்தனையும் ஊருங்கற ஒரே முடிச்சுல வந்து சேந்துடும். அதுக்கு வீட்டு அளவுல தீர்வு கிடையாது. 2023 ஜூன்ல பிபர்ஜாய் புயலப்ப குஜராத்ல, எந்தக் கம்பெனி சிம்மா இருந்தாலும் கிடைக்கற எந்த டவர்லயும் பேசிக்கலாம்னு தொலைத்தொடர்புத் துறை சில நாள் திறந்து விட்டாங்க. அது அரசாங்கம் பண்ண வேண்டிய வேலை. நம்மால முடிஞ்சது, நெட்டே தேவைப்படாத சில விஷயங்களைப் பக்கத்துல வச்சுக்கறது. முக்கியமான நாலு நம்பர் காகிதத்துல. கொஞ்சம் ரொக்கம். பேட்டரியில ஓடற ரேடியோ. சிக்னல் லேசா இருந்து டேட்டா மட்டும் இல்லேன்னா *99# போட்டுப் பணம் அனுப்ப வழி இருக்கு (உங்க சிம்ல அது வேலை செய்யுதான்னு முன்னாடியே ஒரு தடவை போட்டுப் பாத்துடணும்).

கடைசியா, எனக்கு ரொம்ப நியாயமாப் படற ஒரு எதிர்ப்பு. "காசு வாங்கறது கம்பெனி. ப்ளக்கை மாத்தறது, கம்பத்தைப் பாக்கறது, சிம்மைப் பிரிக்கறது எல்லாம் நானா?" நியாயம்தான். நம்ம தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2024 ஆகஸ்ட்ல போட்ட விதிகள்ல இதுக்கு ஒரு எடம் இருக்கு. ஒரு மாவட்டத்துல 24 மணி நேரத்துக்கு மேல சேவை முடங்கினா போஸ்ட்பெய்டுக்கு வாடகையில கழிக்கணும், ப்ரீபெய்டுக்கு நாளை நீட்டிக்கணும். வீட்டு லைன் பழுதை மூணு நாள் தாண்டியும் சரி பண்ணலேன்னா அதுக்கும் ஈடு உண்டு. இயற்கைப் பேரிடருக்கு விலக்கு. இதை நான் வரவேற்கறேன். ஆனா கணக்கைப் பாருங்க: மாசம் 600 ரூபா பிளான்ல ஒரு நாள் கழிவு 20 ரூபா. போன ஒரு நாளை எந்த விதியும் திருப்பிக் குடுக்காது. அதனால நம்ம பக்கத்தை நாம பாத்துக்கறது கம்பெனிக்குப் பண்ற சலுகைன்னு நான் நினைக்கல. அதே சமயம் கம்பெனியை விட்டுடவும் கூடாது. நம்மூர்ல நடக்கறது என்னன்னா, நெட் போன உடனே லைன்மேனோட சொந்த நம்பருக்குக் கூப்பிடறோம். அவரும் பாவம், மழையில ஏணியைத் தூக்கிட்டு வந்து இழையைச் சேத்துக் குடுத்துடறார். வேகமா வேலை முடியுது. ஆனா கம்பெனி கணக்குல அன்னிக்கு உங்க நெட் போகவே இல்ல. புகார் எண் வாங்கினாத்தான் அது போனதாப் பதிவாகும், மேல்முறையீட்டுக்குப் போறதுக்கும் அந்த எண்தான் வேணும். அண்ணனுக்குக் கூப்பிடுங்க, அதே கையோட கம்பெனி ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ ஒரு புகாரும் போடுங்க. ஒரே கம்பத்துல பத்து வீட்டு ஒயர் மாசம் மூணு தடவை அறுபடறது எங்கயாவது எழுத்துல இருந்தாத்தான், அந்தக் கம்பத்தை மாத்தணும்னு யாருக்காவது தோணும்.

எழுதி வைக்க ஆப் எல்லாம் வேண்டாம். சமையலறையில தொங்கற மாசக் காலண்டர் போதும், பால் வராத நாளைக் குறிக்கறோமே, அது மாதிரி. எந்தக் கனெக்‌ஷன், எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு, புகார் எண் என்ன. ரெண்டு கனெக்‌ஷன் வச்சிருக்கறவங்க ரெண்டு கலர் பேனாவுல எழுதுங்க. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் எழுதிட்டுத் திருப்பிப் பாருங்க. ரெண்டு கலரும் அதே கட்டத்துல, அதே மணிக்கு வரிசையா விழுந்திருந்துச்சுன்னா, ரெண்டுல ஒண்ணை நிறுத்தலாம்னு அந்தக் காலண்டரே காட்டிடும்.